என்ஜின் இறக்கிய வீட்டில் கேட்ட குரல்

நான் இத்தா இருந்த வீட்டுக்குள் ஓர் ஆம்பிளை இருந்தான் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய்ச் சொன்னவர் நீங்கள்தான், பக்கத்து வீட்டு ஓவசியர் காக்கா. நீங்கள் சொன்னது பொய்.

தெரியாமல் சொல்லிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் திடுக்கிட வேண்டாம். போன வாரம் வரை தறியையும் சாயத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தது உங்கள் கலியாணத்தைப் பற்றி எழுதுங்கள், வாசகிகளுக்குப் பிடிக்கும் என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார். இது என் கலியாணத்தைப் பற்றியதுதான். பிடிக்குமா என்பது எனக்குத் தெரியாது.

தலைமாட்டில் போன்

அன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் காருக்கு அடியில் போய்க் கிடந்தேன். மழை மூட்டம். கொட்டிலின் தகரத்துக்குக் கீழே வெக்கை. முகத்துக்கு நேரே கியர் பொக்ஸ். அதில் புழுதியும் ஒயிலும் சேர்ந்து விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. உடம்பில் இத்தாவுக்குரிய வெள்ளை உடுப்பு. அது பாழாகாமல் இருக்க மேலே என் கணவரின் பழைய சாரனைச் சுற்றியிருந்தேன். தலைமாட்டில் போன். போனுக்குள்ளிருந்து ஜௌபர் கதைத்தார்.

"மேல்பக்கத்து ரெண்டு போல்ட்டும் கண்ணுக்குத் தெரியாது புள்ள. கையால தடவித்தான் புடிக்கணும். அவசரப்படாத. விளங்கிச்சா?"

"ஓம்" என்றேன்.

ஜௌபர்தான் என் கணவர். அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆசுபத்திரியில் கிடந்த கடைசி வாரங்களில், காரின் என்ஜினை எப்படி இறக்குவது என்று துண்டு துண்டாகக் குரல் பதிந்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் "விளங்கிச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு இடம் விடுவது போலக் கொஞ்சம் சும்மா இருப்பார். அந்த நேரத்தில் வார்டில் ஃபேன் சுழல்வது கேட்கும். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவார். அதற்குப் பிறகுதான் பதிவு முடியும்.

அந்த இடைவெளியில் நான் பதில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் யாரோ வாசற் படலையைத் தட்டினார்கள்.

பாலமுனை மாப்பிள்ளை

படலைக்குப் போகுமுன் கார் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. ஜௌபர் பாலமுனையிலிருந்து மருதமுனைக்கு என் வீட்டுக்கு வந்தவர். உடுப்புப் பெட்டி ஒன்று, ஸ்பானர் பெட்டி ஒன்று. ஸ்பானர் பெட்டிதான் பாரம். கட்டாரில் ஒரு கராஜில் வருஷக் கணக்காக வேலை செய்தவர்.

பக்கத்து வீட்டில் ஓவசியர் காக்கா; மூத்த ஆம்பிளைகளை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்து விடுகிற மாதிரி அளந்துதான் கதைப்பார். ஊரும் அதை அப்படியே நம்பும். அவருடைய தண்ணீர் மோட்டர் நின்றுபோனால் மதிலுக்கு மேலால் ஜௌபரைக் கூப்பிடுவார். ஜௌபர் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே, இதைக் கழற்று, அதைத் துடை என்று சொல்லித் திருத்திக் கொடுப்பார். எத்தனை தரம் என்று கணக்கில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கார் சிவப்பு. இரண்டு கதவு, இரண்டு சீட். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். கொழும்பில் யாருடைய வீட்டிலோ மூடிக் கிடந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு சண்டை பிடித்தேன், பிறகு ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு பள்ளமான சீட். கல்முனை வீதியில் போனால் சைக்கிளில் வருகிறவன்கூட மேலேயிருந்து எங்கள் மடியைப் பார்ப்பான்.

ஒருநாள் நற்பிட்டிமுனைப் பக்கம் போனோம். வீதியில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மண்வெட்டியோடு நின்ற ஒருவர் குனிந்து எங்களைப் பார்த்தார். "காக்கா, இது காரா, காருட குட்டியா?" என்றார். ஜௌபர் வீடு வரும் வரைக்கும் சிரித்தார். கடற்கரை வீதியால் சுற்றி வந்தோம். காற்றில் கருவாட்டு மணம். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

பிறகு சிறுநீரகம் பழுதாகி அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். அவருடைய வாயும் என் கையுமாக வேலை நடந்தது. பிரேக் மாற்றினோம். ரேடியேட்டர் மாற்றினோம். நான் மெக்கானிக் இல்லை. தறியில் நின்ற கை, சொன்னதைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பங்குக் கிணறு

வந்த நாளிலிருந்தே காரின் என்ஜினில் ஒயில் ஒழுகியது. என்ஜினும் கியர் பொக்ஸும் சேர்கிற இடத்தில் சொட்டும். ஒயிலை அடைத்து வைக்கிற பின்பக்க சீல் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்று ஜௌபர் முடிவு செய்தார். கொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு பீம் போட்டு, பாரம் தூக்குகிற செயின் புளொக் மாட்டி, புது சீல் ஒன்றும் வாங்கி வைத்தார். எல்லாம் தயார். ஆசுபத்திரிக்குப் போனார். மையித்தாகத்தான் திரும்பி வந்தார்.

கார் கொட்டிலில் சொட்டிக்கொண்டு நின்றது. கீழே தட்டம் வைத்தேன். ஒரு பெருமழையில் வெள்ளம் ஏறித் தட்டம் மிதந்து கவிழ்ந்தது.

கொட்டிலுக்குப் பக்கத்தில் கிணறு. எங்களுக்கும் ஓவசியர் வீட்டுக்கும் அது பங்குக் கிணறு. மதில் கிணற்றுக்கு நடுவால் போகிறது. பாதி அவர்களுக்கு, பாதி எனக்கு. சுனாமியில் கடல் வந்து போன வருஷம் சுற்றியிருந்த கிணறுகளெல்லாம் உப்பாகி, முதலில் நல்ல தண்ணீராக மாறியது இதுதான். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் குளிக்க, கழுவ இதுதான். எங்கள் நிலம் மணல். இன்று மேலே சிந்தினால் நாளைக்குக் கிணற்றில் இருக்கும்.

அடுத்த நாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கத்தால் ஓவசியரின் மனைவி சுபைதா மச்சியின் குரல் வந்தது.

"என்னகா இது, தண்ணியில கலர் கலரா ஓடுது. என்ட பேரன்ட சட்டையெல்லாம் கராஜ் மணம் மணக்கிது."

சுபைதா மச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தா என்றால் கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது. மணம் முடிக்கக் கூடிய ஆம்பிளைகள் முன்னால் வருவதில்லை. முதல் வாரம் வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். சோறு வந்தது, குர்ஆன் ஓதினார்கள். பிறகு குறைந்தது. பிறகு என் தங்கச்சி மட்டும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் ஓடினாள். எனக்கு நாள் முழுக்க இருந்த கதை, காலையில் கிணற்றடியில் சுபைதா மச்சியோடு கதைக்கிற கதைதான். முகம் தெரியாது. கப்பி கிரீச்சிடும், கயிறு ஓடும், குரல் வரும். கறி என்ன, மீன் என்ன, மருமகள் என்ன சொன்னாள். அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும்.

மாரி முழுதாக இன்னும் தொடங்கவில்லை. தொடங்கினால் அந்த ஒயில் முழுவதும் கிணற்றுக்குத்தான். காரைக் கழற்றி விற்றுவிடலாம், அக்கரைப்பற்றில் ஆள் இருக்கிறது என்று தங்கச்சியின் கணவர் சொல்லி அனுப்பினார். காரைத் தள்ளிக்கொண்டு போகவும் ஆம்பிளைகள்தான் வளவுக்குள் வரவேண்டும். இத்தா முடியும் வரை ஒருவரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுப்பாட்டை எனக்கு யாரும் போடவில்லை. நான் போட்டது, நான் காத்தது.

இத்தாவில் வீட்டு வேலை செய்யலாமா என்று தங்கச்சி மூலம் ஒரு மௌலவியிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்றார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அன்றைக்கே பொனட்டைக் கழற்றினேன்.

படலையில் இரண்டு பேர்

ரேடியேட்டரைக் கழற்றி, வயர்களுக்குச் சீலைத் துண்டு கட்டி அடையாளம் வைத்து, போல்ட்களை வரிசை தவறாமல் சுளகில் அடுக்கினேன். சைலன்சர் குழாயின் நட்டு "லேசாக் கழரும்" என்று ஜௌபர் போனில் சொன்னார். அது கழரவில்லை, முறிந்தது. போனைப் பார்த்து நன்றாக ஏசினேன். அவர் அடுத்த துண்டில் "கெட்டிக்காரி" என்றார். இன்னும் ஏசினேன்.

அதைத்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள்.

படலையைத் தட்டியவர்கள் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்த இரண்டு பேர். அவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். படலைக்கு வெளியே அவர்கள், உள்ளே நான்.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்க வந்த. கோவிச்சிக்கக் கூடா. வீட்டுக்குள்ள ஆராச்சும் ஆம்பிளயள் வேல செய்யிறாங்களா?"

"இல்ல."

"ஸ்பானர் சத்தம் கேக்குதாம்."

"அது நான்."

ஒருவர் செருமினார். மற்றவர் தொடர்ந்தார். "ஆம்பிளக் குரலும் கேட்டிச்சாம். நீங்க அந்தாளோட சண்ட புடிச்சதும் கேட்டிச்சாம். கொடியில சாரனும் காயிதாம்."

"ஆரு சொன்ன?"

"பக்கத்து வீட்டு ஓவசியர்தான். ஊருக்கு நல்லதெண்டுதான் சொன்னார்."

"அது என்ட மனிசன்ட குரல்" என்றேன்.

 வெளியே ஒருவர் மெதுவாக, இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிற அஸ்தஃபிருல்லாஹ் சொன்னார். போனில் இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். உயிரோடு ஓர் ஆம்பிளை உள்ளே இருந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

பெண்பிள்ளை ஒருவர் உள்ளே வந்து பார்த்தால் சரி என்றார்கள். சுபைதா மச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். கட்டிலுக்குக் கீழே பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். குசினி, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுக் கொட்டிலுக்கு வந்தார். என்ஜின் சங்கிலியில் பாதிப் பாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சுளகில் போல்ட். என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். நகத்துக்குள் எல்லாம் கறுப்பு. கையை விட்டார். படலைக்குப் போய் "உள்ள ஆரும் இல்ல" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் சோற்றோடு தங்கச்சி செய்தியும் கொண்டுவந்தாள். தேத்தண்ணிக் கடையில் வைத்து ஓவசியர் சொன்னாராம்: "சுபைதா போறத்துக்குள்ள அவன் பின்பக்கத்தால கடற்கரைக்குப் பாஞ்சிருப்பான். பொம்புள ஒராள் தனிய என்ஜின் இறக்கினாவாம். என்ட காதுல பூச் சுத்துறா."

உலர்ந்த சீல்

என்ஜினை இறக்கினேன். செயின் புளொக்கின் சங்கிலியை இழுக்க இழுக்க நூல் நூலாக ஏறும். பெண் இழுத்தாலும் ஏறும், ஆண் இழுத்தாலும் ஏறும். முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்கத்தைச் சரித்து, ஒரு பின்னேரம் முழுக்க இழுத்து வெளியே எடுத்தேன். பழைய டயர் ஒன்றின் மேல் இருத்தினேன்.

கிளச்சைக் கழற்றி உள்ளே பார்த்தேன். சீல் உலர்ந்திருந்தது.

துடைத்துப் பார்த்தேன். சுற்றி எங்கும் ஒயில், சீலில் மட்டும் இல்லை. விரலால் ஒயிலின் தடத்தைப் பிடித்து மேலே போனேன். என்ஜினின் தலைப்பகுதிக்குப் பின்னால், மோதிரத்தை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ரப்பர் வளையம். காய்ந்து கல்லாகியிருந்தது. நகம் பட்டதும் உடைந்தது. ஒழுக்கு அங்கேதான். அங்கிருந்து வழிந்து கீழே வந்து, சீலில் ஒழுகுகிற மாதிரிக் காட்டியிருக்கிறது. அதை மாற்ற என்ஜினை இறக்கத் தேவையே இல்லை. கையை விட்டு மாற்றியிருக்கலாம்.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த துண்டைப் போட்டேன்.

"இப்ப சீலப் பாரு. நனைஞ்சிரிக்கும். நான் சொன்னன்தானே. விளங்கிச்சா?"

ஃபேன் சத்தம். இருமல். முதல் தடவையாக நான் பதில் சொல்லவில்லை.

பிழை விட்டவரிடம் போய் "நீ பிழை" என்று சொல்ல வேண்டும். அவர் இல்லை என்று மறுக்க வேண்டும். நான் அந்த உடைந்த வளையத்தை மூக்குக்கு முன்னால் நீட்ட வேண்டும். அவர் தலையைச் சொறிய வேண்டும். இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஆள் மௌத்தானது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மையித்து வீட்டில் அழாத அழுகையை அங்கே அழுதேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அதுவும் கேட்டிருக்கும்.

உடைந்த வளையத்தைத் தங்கச்சி கல்முனைக்குக் கொண்டுபோனாள். உழவு மெசின் சாமான் கடையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டேன். வாங்கி வைத்த புது சீலையும் போட்டேன். அவர் வாங்கியது வீணாகக்கூடாது.

ஏற்றுவதுதான் கஷ்டம். கியர் பொக்ஸின் தண்டு கிளச்சின் துளைக்குள் நேராகப் போக வேண்டும். வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கம்பில் டேப் சுற்றிக் கிளச்சை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அப்படியும் நாள் கணக்காக ஏறவில்லை. ஒருவர் மேலே பிடிக்க, ஒருவர் கீழே ஆட்ட வேண்டிய வேலை. மேலே ஓடி இழுத்து, கீழே ஓடி ஆட்டி, கடைசியில் ஒரு பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் அது தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது. கீழே காட்போட் மட்டை விரித்திருந்தேன். அடுத்த நாள் காலை மட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மட்டையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். "மச்சி, ஒழுக்கு நிண்டிட்டு" என்று மதிலைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஆள் இல்லை. சுபைதா மச்சி தண்ணீர் அள்ளுகிற நேரத்தை மாற்றிவிட்டார். நான் தொழுகையில் நிற்கிற நேரத்தில்தான் அந்தப் பக்கத்துக் கப்பி சத்தம் கேட்கும். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஓடிப் போனால் கயிறு ஆடிக்கொண்டிருக்கும்.

யாரிடமும் காட்டாத மட்டையை அடுப்பில் வைத்தேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பாதியும் சேர்த்துத்தான், ஓவசியர் காக்கா.

சஹன்

இத்தா முடிந்து முதலில் போனது ஒரு கலியாண வீட்டுக்கு. எங்கள் ஊரில் விருந்து சஹனில்தான். ஒரு பெரிய தட்டத்தில் சோறு வரும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். நான் பாயில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சஹன் வந்தது. சோற்றில் நெய் மணந்தது.

ஒருவரும் வரவில்லை.

பரிமாறிய பெண், ஆக்கள் வரட்டும் என்றாள். பெண்கள் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மற்றச் சஹனுக்குப் போனார்கள். சில சஹனில் ஏழு, எட்டுப் பேர்கூட நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுபைதா மச்சி நேரெதிரே இருந்தார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

சஹனில் தனியே சாப்பிட முடியாது.  எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் ஓவசியர் அவருடைய படலையில் நின்றார். போனை எடுத்து நீட்டினேன். "காக்கா, ஒருக்காக் கேளுங்க" என்றேன்.

"அத மடக்கி வை" என்றார். "இப்பெல்லாம் கம்பியூட்டரே கதைக்கிது. ஆர்ட குரலயும் எடுக்கலாம்."

"நீங்க கேளுங்க. கேட்டுட்டு மறுகா சொல்லுங்க."

கேட்கவில்லை. உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார்.

ஓவசியர் காக்கா, நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் உங்களுக்கு விளங்கிவிடும். முதல் நாளே மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டபோது விளங்கவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். உங்கள் மோட்டரைத் திருத்தித் தந்த குரல் அது. நோன்புக் காலங்களில் கஞ்சிக் கோப்பையை மதிலுக்கு மேலால் நீட்டி உங்களைக் கூப்பிட்ட குரல் அது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், பள்ளி வாசலுக்கு எதிரே வீதியில் நான் போனோடு நிற்பேன். எல்லோரும் கேட்கப் போடுவேன். நீங்களும் வந்து நின்று கேளுங்கள். வர விருப்பமில்லை என்றால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், நான் எழுதியதைப் போட்ட ஆசிரியர் நீங்கள் எழுதுவதையும் போடுவார். தேத்தண்ணிக் கடையில் சொன்ன பதில் எனக்கு வேண்டாம்.

என் வீட்டில் ஓர் ஆம்பிளையின் குரலைக் கேட்டதாகச் சொன்னீர்கள். கேட்டீர்கள்தான். அது யாருடைய குரல்? ஊருக்கு முன்னால் அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.